மூணு ஷிஃப்ட், எட்டு பேர், ஒரு வாலிபால் நெட்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதைப் படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

பின்னாடி லாரி சத்தம் கேட்டா மன்னிச்சிடுங்க. இந்த தடவை பெங்களூரு ரூம்ல இருந்து பேசல, குருபரப்பள்ளில எங்க வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி போற 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை எங்க ஊர் வழியாத்தான் போகுது. மெத்தையை ஜன்னல்ல சாய்ச்சு வெச்சும் சத்தம் உள்ள வருது.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, எனக்குன்னு ஒரு ஹாபி இல்ல. லீவு கிடைச்சா போன் பார்த்துட்டே படுத்திருக்கேன். நான் சோம்பேறியா?" அப்படின்னு கேட்டார். உடனே பதில் அனுப்பத்தான் நினைச்சேன். "புக் படிங்க, ரன்னிங் போங்க, ஏதாவது இன்ஸ்ட்ருமென்ட் கத்துக்கோங்க"ன்னு டைப் பண்ணிட்டு, அப்படியே அழிச்சிட்டேன். ஏன்னா என் பின்னாடி சுவத்துல ஒரு கிட்டார் தொங்குது. அதுல எனக்கு தெரிஞ்சது மூணு கார்டுதான். கட்டிலுக்கு அடியில ஒரு ரூபிக்ஸ் க்யூப், ஒரு வாட்டர்கலர் செட். கீழ மாட்டுக்கொட்டாய்ல 22,000 ரூபாய் போட்டு வாங்கின சைக்கிள். இந்த லட்சணத்துல நான் யாருக்கு அட்வைஸ் சொல்றது?

அதனால இன்னைக்கு ஹாபியை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு பேசப் போறதில்ல. எங்க ஊர்ல எட்டு பேருக்கு ஒரு விளையாட்டு இருந்தது, அது எப்படிப் போச்சுன்னு சொல்றேன். அதுலயே அவருக்கான பதில் இருக்குன்னு நினைக்கிறேன்.

நெட்டு சுருட்டின கதை

ஊரைத் தெரியாதவங்களுக்காக: கிருஷ்ணகிரியில இருந்து ஓசூர் போற வழியில, சூளகிரிக்கு முன்னாடி வர்ற ஊர் குருபரப்பள்ளி. ஒரு தெருவுல தமிழ், அடுத்த தெருவுல தெலுங்கு, கொஞ்சம் தள்ளிப் போனா கன்னடம். மா தோப்பு, தக்காளித் தோட்டம், நடுவுல சிப்காட். எங்க அப்பா காலத்துல கம்பெனி வேலைன்னா ஓசூர்தான். 1980-களிலேயே லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் அங்க வந்தாச்சு. எங்க காலத்துல கம்பெனி ஊருக்கே வந்துடுச்சு. காலையில ரோட்டுல நின்னா பத்து கம்பெனி பஸ் போகும்.

நாங்க எட்டு பேர். ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சவங்க. 2012-ல ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு ஒரு வாலிபால் நெட் வாங்கினோம். ஏரிக்கரைப் பக்கம் ஒரு காலி இடம், ரெண்டு சவுக்குக் கம்பம். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா இருட்டி பால் கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் ஆட்டம். நாலுக்கு நாலு. நான் லிஃப்டர். எனக்கு ஸ்மாஷ் பண்ற அளவுக்கு உயரம் பத்தாது. ஸ்மாஷர் என் மச்சான் ஒருத்தன். சொந்தத்துல மச்சான் இல்ல, பழக்கத்துல. அவன் வீட்ல பேசறது தெலுங்கு, என்னைத் திட்டறது மட்டும் தமிழ்.

அதுக்குப் பேர் ஹாபின்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. ஹாபிங்கற வார்த்தையை நான் முதல்ல சீரியஸா யோசிச்சதே கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூமே எழுதும்போதுதான். "ரீடிங் புக்ஸ், லிசனிங் டு மியூசிக்"னு எழுதினேன். வாலிபால்னு எழுதல பாருங்க, அதைத்தான் தினமும் ஆடினேன்.

நான் இன்ஜினியரிங் போனேன். அஞ்சு பேர் டிப்ளமோ, ஐடிஐ முடிச்சு வெவ்வேறு கம்பெனிகள்ல சேர்ந்தாங்க. ஒருத்தன் அப்பாவோட தோட்டத்தைப் பார்த்துக்கிட்டான், ஒருத்தன் டாடா ஏஸ் வாங்கி ஓட்டினான். 2018 வாக்குல ஒரு நாள் நெட்டை சுருட்டி மச்சான் வீட்டுப் பரண்ல போட்டோம். சண்டை இல்ல, யாரும் ஊரை விட்டும் போகல. அஞ்சு மணிக்கு ஆள் சேரல, அவ்வளவுதான்.

24-ஐ 8-ஆல வகுங்க

ரொம்ப நாளா நான் நினைச்சிட்டிருந்தது, வேலைக்குப் போனதும் எல்லாருக்கும் டைம் இல்லாம போச்சுன்னு. அது தப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தா எட்டு மணி நேரம் வேலை, போக வர ரெண்டு மணி நேரம், தூக்கம் ஏழு மணி நேரம். மீதி ஏழு மணி நேரம் எங்கயோ இருக்கத்தானே செய்யுது.

போன வருஷம் சும்மா ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் காலை 6-ல இருந்து மதியம் 2. செகண்ட் ஷிஃப்ட் 2-ல இருந்து ராத்திரி 10. நைட் ஷிஃப்ட் 10-ல இருந்து காலை 6. வாரா வாரம் மாறும். ஒரு கம்பெனில இவன் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்னா இன்னொரு கம்பெனில அவன் நைட். ஃப்ரீயா இருக்கிற நேரத்தைப் பச்சைக் கலர் அடிச்சேன். எட்டு வரிசையும் பச்சையா இருக்கிற கட்டத்தைத் தேடினேன். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஒண்ணுகூட இல்ல.

அப்புறம்தான் உறைச்சது, இதுக்கு ஸ்ப்ரெட்ஷீட்டே தேவையில்ல. மூணு பேர் மூணு ஷிஃப்ட்ல இருந்தா, 24 மணி நேரத்துல எந்த நிமிஷத்தை எடுத்தாலும் ஒருத்தன் வேலையில இருப்பான். மூணு பேரும் சேர்ந்து ஒரு டீ குடிக்கக்கூட ஒரு நிமிஷம் கிடையாது. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா நேரம் இருக்கு. எல்லாருக்கும் பொதுவான நேரம்தான் இல்ல.

இன்னைக்கு நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான். ஓய்வு நேரம்னு நாம பேசும்போது எத்தனை மணி நேரம்னு மட்டும் எண்ணறோம். அதே நேரத்துல வேற யார் சும்மா இருக்காங்கன்னு எண்ணறதில்ல. வாலிபாலுக்கு ஆறு பேராவது வேணும். கேரமுக்கு நாலு பேர். கோயில் திருவிழா கூத்துக்கு ஒரு ஊரே வேணும். போனுக்கு நீங்க ஒருத்தர் போதும், எந்த நேரமா இருந்தாலும் போதும். வாய்ஸ் நோட் அனுப்பின நண்பரே, நீங்க சோம்பேறி இல்ல. நீங்க லீவுல இருக்கிற நேரத்துல உங்ககூட லீவுல இருக்கறது அது மட்டும்தானோ என்னமோ.

ராத்திரி மூணு மணிக்கு யார் முழிச்சிருப்பாங்க

இதை நான் லேசா சொல்லல. அடுத்து சொல்லப் போறதை மச்சான்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன். "பேர் போடாம சொல்லிக்கோ"ன்னான்.

நைட் ஷிஃப்ட் வாரம் முடிஞ்சு லீவு வர்ற அன்னைக்கு உடம்பு ராத்திரி தூங்காது. வீட்ல எல்லாரும் தூங்கிடுவாங்க. டிவி போட முடியாது. வெளிய போனா நாய் துரத்தும். அப்படி ஒரு ராத்திரி போன்ல ஒரு ரம்மி ஆப் இறக்கினான். முதல் நாள் 300 ரூபாய் ஜெயிச்சான். ஒன்றரை வருஷத்துல 1,40,000 ரூபாய் விட்டான். அதுல அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வெச்சிருந்த பணமும் இருக்கு. வீட்ல தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு போன் பண்ணினான். நான் மீட்டிங்ல இருந்தேன், எடுக்கல. அது இன்னும் என் மனசுல இருக்கு.

பின்னாடி ஒரு நாள் கேட்டேன், ஏன்டா அதை ஆடினேன்னு. "ஆடணும்னு ஆடலடா. நான் முழிச்சிருந்த நேரத்துல முழிச்சிருந்தது அது ஒண்ணுதான்" அப்படின்னான்.

2025 பிப்ரவரியில தமிழ்நாடு அரசு ஒரு விதி கொண்டு வந்தது. பணம் கட்டி ஆடற ஆன்லைன் கேம்ல நள்ளிரவு 12-ல இருந்து காலை 5 மணி வரைக்கும் யாரும் உள்ள நுழையக் கூடாதுன்னு. ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் பணம் வெச்சு ஆடற ஆன்லைன் கேம்களையே தடை பண்ணி சட்டம் போட்டது. அந்த 12 டு 5 விதியைப் படிச்சப்போ எனக்கு மச்சான் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. எந்த நேரத்துல மனுஷன் தனியா இருக்கான்னு யாரோ சரியா கவனிச்சிருக்காங்க. ஆனா கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் அந்த அஞ்சு மணி நேரத்துல அவன் என்ன பண்ணுவான்? அது சட்டம் போட்டு வர்ற விஷயம் இல்ல.

ஞாயிற்றுக்கிழமை சும்மா வந்ததில்ல

பொது நேரம் போனா என்ன ஆகும்னு ஒரு நாடே பரிசோதனை பண்ணிப் பார்த்திருக்கு. 1929-ல சோவியத் யூனியன்ல மெஷின் நிக்கவே கூடாதுன்னு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துட்டாங்க. அஞ்சு நாள்தான் வாரம். தொழிலாளர்களை அஞ்சு குரூப்பாப் பிரிச்சு, குரூப்புக்கு ஒரு கலர். நாலு நாள் வேலை, ஒரு நாள் லீவு. கணக்குப்படி பார்த்தா முன்னைவிட அதிக லீவு. ஆனா புருஷன் ஒரு கலர், பொண்டாட்டி ஒரு கலர், ஃப்ரெண்டு வேற கலர். வீட்ல யாரும் இல்லாத லீவு எதுக்குன்னு ஜனங்க புலம்பினாங்க. 1931-ல அதை ஆறு நாள் வாரமா மாத்தி எல்லாருக்கும் பொதுவான லீவைத் திருப்பிக் கொடுத்தாங்க. 1940-ல பழையபடி ஏழு நாள் வாரமும் ஞாயிற்றுக்கிழமையும் வந்துடுச்சு.

நம்ம நாட்டுலயும் அந்த ஞாயிறு தானா வரல. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல வருஷம் போராடித்தான் 1890-ல வார விடுமுறை கிடைச்சுது. 1948 தொழிற்சாலைச் சட்டமும் வாரத்தோட முதல் நாளைத்தான் விடுமுறைன்னு சொன்னது. தேவைப்பட்டா வேற நாளுக்கு மாத்திக்கலாம்னு அதுலயே வழியும் இருந்தது. எங்க எட்டு பேர்ல ரெண்டு பேருக்கு அந்த "மாத்திக்கலாம்"தான் வாழ்க்கை. ஒருத்தனுக்கு புதன்கிழமை லீவு. புதன்கிழமை ஊர்ல யார் இருப்பாங்க?

2023 ஏப்ரல்ல நம்ம சட்டமன்றத்துல 12 மணி நேர வேலை மசோதா வந்தது ஞாபகம் இருக்கா? நாலு நாள் வேலை பார்த்தா மூணு நாள் லீவுன்னு பேசினாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் நிறுத்தி வெச்சு, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு முதலமைச்சர் அறிவிச்சார். அப்போ என் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் பாதி பேர் "மூணு நாள் லீவு சூப்பர்தானே"ன்னு சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். இப்போ யாராவது அப்படிச் சொன்னா ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். எந்த மூணு நாள், யாரோட சேர்ந்து?

வராண்டாவுல தைக்கிறவ

இதுவரைக்கும் பசங்க கதையாவே சொல்லிட்டேன். என் சித்தி பொண்ணு ஓசூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில வேலை பார்க்கறா, ஹாஸ்டல்ல தங்கியிருக்கா. அவ ரூம்ல நாலு பேர், வேற வேற ஷிஃப்ட். எந்த நேரமும் யாராவது ஒருத்தி தூங்கிட்டிருப்பா. அதனால ரூம்ல லைட் போட முடியாது, சத்தமா சிரிக்க முடியாது. இவ ஆரி ஒர்க் பண்ணுவா. ப்ளவுஸ் துணியை ஃப்ரேம்ல இழுத்துக் கட்டி, ஊசில மணி கோர்த்து, வராண்டா லைட்டுல உட்கார்ந்து தைப்பா.

"உனக்கு அது ரொம்ப பிடிக்குமா?"ன்னு கேட்டேன். "பிடிக்கும்ணா. ஆனா ஆர்டர் வாங்கித்தான் பண்றேன். சும்மா பண்ணினா, வேலை இல்லாம உட்கார்ந்திருக்கேன்னு வீட்ல சொல்லுவாங்க. காசு வந்தா விட்டுடுவாங்க" அப்படின்னா.

நம்ம ஆளுங்க "ஹாபியை சைடு இன்கம் ஆக்குங்க"ன்னு ரீல் போடறாங்கல்ல, அவளுக்கு அது ஆசை இல்ல, அனுமதிச் சீட்டு. மத்திய அரசோட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-ல ஒரு தடவை, 2024-ல ஒரு தடவை நடந்தது. பொழுதுபோக்கு, மீடியா, விளையாட்டு எல்லாம் சேர்த்து மக்கள் செலவு பண்ற நேரம், ஒரு நாள்ல 9.9 சதவீதமா இருந்தது 11 சதவீதமா ஏறியிருக்கு. நல்லதுதான். ஆனா அதே கணக்கெடுப்புல, சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு அந்த வேலை செய்யற பெண்கள் 2024-ல ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செலவு பண்றாங்க. ஆண்கள் 88 நிமிஷம். அவ லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் நேரா அடுப்படிக்குத்தான் போறா. ஷிஃப்ட் மாறுது, வேலை மாறல.

காளை ஓடற நாள்

சரி, எங்க பக்கம் எதுவுமே மிஞ்சலையான்னு கேட்டா, ஒண்ணு மிஞ்சியிருக்கு. பொங்கல் முடிஞ்சா எருது விடும் விழா. காளை கொம்புல அலங்காரத் தட்டி கட்டி ஓட விடுவாங்க, பசங்க அதைப் பறிக்கப் பாய்வாங்க. ஒவ்வொரு காளைக்கும் ஒரு பேர், ஒரு டீ-ஷர்ட், ஒரு இன்ஸ்டா பேஜ். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்காம காளைக்கு நடை பயிற்சி கொடுக்கிற பசங்களை எனக்குத் தெரியும். ஊர்க்காரன், கம்பெனிக்காரன், காலேஜ் பையன் எல்லாரும் அன்னைக்கு லீவு போட்டுடுவாங்க.

2023 பிப்ரவரி 2-ஆம் தேதி சூளகிரி பக்கத்துல கோபசந்திரத்துல விழாவுக்கு அனுமதி கிடைக்கலன்னு இளைஞர்கள் இந்த நெடுஞ்சாலையையே மறிச்சாங்க. மணிக்கணக்கா வண்டிங்க நின்னுச்சு. பஸ் மேல கல்லு விழுந்தது, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசினாங்க. டிவில பார்த்த என் டீம் லீட், "ஒரு மாட்டுக்காக இவ்வளவா?"ன்னு கேட்டார். கல்லெறிஞ்சது தப்பு, அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. இந்த விழாக்கள்ல வேடிக்கை பார்க்க நின்னவங்க குத்துப்பட்டு செத்திருக்காங்க. மாட்டைத் துன்புறுத்தறதும் நடக்குது, அதைக் கேட்கிறவங்க கேட்கத்தான் வேணும். ஆனா டீம் லீடுக்கு அன்னைக்கு நான் சொல்லத் தெரியாத பதில் இப்போ தெரியுது. அது ஒரு மாட்டுக்காக மட்டும் இல்ல சார். வருஷத்துல எல்லாரும் ஒரே நேரத்துல சும்மா இருக்கிற ஒரு நாள் அது.

காளை ஓட்டம் நிலைச்சதுக்கும் எங்க வாலிபால் செத்ததுக்கும் வித்தியாசம் ஆர்வத்துல இல்ல. அதுக்குத் தேதி இருந்தது, எங்களுக்கு இல்ல.

ஞாயிறு நாலு மணி

அதனால நாங்களும் ஒரு தேதி வெச்சோம். ஞாயிறு சாயங்காலம் நாலுல இருந்து ஆறு. நைட் ஷிஃப்ட் போறவன் ஆறரைக்கு வீட்டுக்குப் போய் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்துட்டு பஸ் ஏறலாம். ஞாயிறு லீவு இல்லாத ரெண்டு பேரும் மாசத்துல ஒரு தடவை யாரோடயாவது லீவு மாத்திக்குவாங்க. ரூல் ஒண்ணே ஒண்ணு: "வரீங்களாடா?"ன்னு குரூப்ல கேட்கக் கூடாது. கேட்டா நாலு பேர் யோசிப்பான். மூணு பேர் வந்தாலும் நெட்டு கட்டணும்.

பரண்ல இருந்து நெட்டை இறக்கினப்போ பாதியை எலி தின்னிருந்தது. மச்சான்தான் நைலான் கயிறு வாங்கி உட்கார்ந்து முடிச்சுப் போட்டான். இப்போ பதினெட்டு வாரம் ஆகுது. எட்டு பேரும் ஒண்ணா வந்தது மூணு தடவை. ரெண்டு ஞாயிறு நானும் அவனும் மட்டும்தான், நெட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னு பேசிட்டே தட்டிட்டிருந்தோம். அவன் கடன்ல இன்னும் 60,000 பாக்கி இருக்கு. வாலிபால் அதைக் கட்டாது. ஆனா நைட் ஷிஃப்ட் முடிஞ்ச லீவுல தூக்கம் வரலன்னா இப்போ எனக்கு போன் பண்றான். நான் எடுக்கறேன்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லி முடிக்க ஆசைதான். போன வாரம் சித்தி பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா. நான் ஷூ மாட்டிக்கிட்டு கிளம்பும்போது அடுப்படில இருந்து எட்டிப் பார்த்து, "உங்களுக்கு ஞாயிறு நாலு மணி கிடைச்சிடுச்சு. எங்களுக்கு எப்போண்ணா?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. ஷூவைக் கழட்டிட்டு பாத்திரம் கழுவினேன். அன்னைக்கு நாலரைக்குத்தான் கிரவுண்டுக்குப் போனேன். இது ஒரு நாள் பண்ணி பெருமைப்படற விஷயம் இல்லன்னு எனக்கும் தெரியும்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. புதுசா எந்த ஹாபின்னு தேடறதுக்கு முன்னாடி, உங்ககூட முன்னாடி எதையாவது ஒண்ணா பண்ணிட்டிருந்த ரெண்டு பேருக்கு போன் பண்ணுங்க. "என்ன பண்ணலாம்?"னு கேட்காதீங்க. "உனக்கு எப்போ லீவு?"ன்னு கேளுங்க. ஒத்துப் போற நேரம் கிடைச்சா எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கிடைக்கலன்னாலும் அனுப்புங்க, ஸ்ப்ரெட்ஷீட் நான் போட்டுத் தரேன்.

மணி மூணே முக்கால் ஆச்சு. நெட்டு கட்டணும்.